பொங்கல் ஓட்டத்துக்கு அறுபது டி-ஷர்ட்

குளியலறைக் கண்ணாடியில் பார்த்தபோது எழுத்து சரியாக இருந்தது. பிரச்சினையே அதுதான்.

பாஸ்கர் மஞ்சள் டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு, கையில் கைபேசியோடு நின்றார். கைபேசியில் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் ஓட்ட அழைப்பிதழ். அதில் கொட்டை எழுத்தில் 'ஓடு தமிழா ஓடு'. கண்ணாடிக்குள் நின்ற பாஸ்கரின் நெஞ்சிலும் அச்சு அசலாக அதே எழுத்துகள். டி-ஷர்ட்டைக் கழற்றி வாஷிங் மெஷின் மேல் விரித்துப் பார்த்தார். அழைப்பிதழில் இடப்பக்கம் இருந்த சுழியெல்லாம் இங்கே வலப்பக்கம் இருந்தது.

முன் அறையில் இதே மாதிரி இன்னும் ஐம்பத்தொன்பது, மடிப்புக் கலையாமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

பாஸ்கருக்குத் தமிழ் பேச வரும், சண்டை போட வரும், படிக்க வராது. மராத்தி பேசும் ஊரான கட்கியில் பிறந்து ஹிந்திப் பள்ளியில் படித்தவர். தமிழ் எழுத்து எந்தப் பக்கம் திருப்பினாலும் அவருக்கு ஜிலேபிதான். வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி ஜான்சி; தூத்துக்குடியில் பத்தாவது வரை தமிழிலேயே படித்தவள். அதனால்தான் முதல் டி-ஷர்ட் இயந்திரத்திலிருந்து சூடாக வந்த உடனே அவளிடம் தூக்கிக் காட்டினார். அவளும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, வாய்விட்டுப் படித்து, சரியாக இருக்கிறது என்றாள். அந்த ஒரு வார்த்தையை நம்பி மனிதர் மிச்சத்தையும் அடித்துத் தள்ளிவிட்டார்.

"ஜான்சி, இங்க வா. இத நீ படிச்சியா இல்லையா?"

ஜான்சி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ணாடி போடாம பாத்தேங்க. அடுப்புல வேற பால் பொங்கிட்டு இருந்திச்சு."

"கண்ணாடி போடாம எப்படிப் படிச்ச?"

"ஒரு வாரமா நீங்க அதையேதான சொல்லிக்கிட்டு இருந்தீங்க. அந்த ஞாபகத்துல வந்திருச்சு."

நியாயமான பதில். பாஸ்கரால் கோபப்பட முடியவில்லை.

இந்தத் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். துணியில் ஒட்டுகிற வினைல் தாளை வெட்டும்போது எழுத்தைத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும். துணிமேல் கவிழ்த்துச் சூடாக அழுத்தினால் நேராக விழும். கடை தொடங்கிய புதிதில் பாஸ்கர் இதை மறந்து, பிம்ப்ரியின் ஒரு கிரிக்கெட் அணி முழுவதையும் ஆம்புலன்ஸின் நெற்றி மாதிரி மைதானத்தில் இறக்கிவிட்டவர். அந்த அவமானத்திலிருந்து எந்தப் படம் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிவிடுவார். சங்கத்தின் செயலாளர் சாய்கிருஷ்ணா, கோந்த்வாவில் இருக்கும் கம்ப்யூட்டர்காரர், அனுப்பி வைத்ததோ போன வருடம் வேறொருவர் வெட்டுவதற்காக ஏற்கெனவே திருப்பி வைத்த படம். திருப்பியதை இவர் இன்னொரு தரம் திருப்பினார். சாய்கிருஷ்ணாவுக்கும் தமிழ் படிக்க வராது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு டி-ஷர்ட்டுக்கு இவ்வளவு பதற வேண்டுமா என்று கேட்கலாம். அவர்கள் குடியிருக்கும் கசார்வாடியில் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே எல்லாருக்கும் கதை தெரியும்.

ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் பாஸ்கர் மெஷின் ஆபரேட்டராக இருந்தார். நேற்று வந்த ஒரு பையனைத் தனக்கு மேலே உட்கார வைத்துவிட்டார்கள் என்று ஆத்திரம். ஷிஃப்ட் முடிந்து கூட்டம் வெளியே வருகிற நேரமாகப் பார்த்து, அடையாள அட்டையை கேட்டிலேயே கழற்றி எறிந்தார். இனி இந்த கேட்டில் என்னைப் பார்த்தால் செருப்பால் அடியுங்கள் என்று ஹிந்தியில் ஒரு முறை, மராத்தியில் ஒரு முறை, கடைசியில் ஆத்திரம் தாங்காமல் தமிழிலும் ஒரு முறை சொன்னதாகக் கேள்வி. வீட்டுக்கு வந்ததும் முன் அறையில் வெட்டும் இயந்திரத்தையும் சூட்டில் அழுத்தும் இயந்திரத்தையும் இறக்கி, வாசலில் 'ஜான்சி பிரிண்ட்ஸ்' என்று பலகை மாட்டிவிட்டார். பலகையைப் பற்றி ஜான்சியிடம் கேட்கவில்லை. அறையைப் பற்றியும் கேட்கவில்லை.

ஜான்சியின் அண்ணன் கிறிஸ்டோபர், கம்பெனிகளுக்குக் காவலாளிகளை அனுப்பும் காண்ட்ராக்டர். தங்கை வீட்டுக்காரருக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். செக்யூரிட்டி சூப்பர்வைசர். ரஞ்சன்காவில். அதே கேட்டில்.

போகமாட்டேன் என்றார் பாஸ்கர். இதற்கும் ஜான்சி குரலை உயர்த்தவில்லை. பொங்கல் ஆர்டர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் கடை இருக்கட்டும், அண்ணனிடம் நானே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். கெட்டுப்போனால் திங்கட்கிழமை யூனிஃபார்ம் போட்டுக்கொள்ளுங்கள் என்று சமாதானமாகத்தான் பேசி முடித்தாள். இப்படி ஒரு பொறுமைசாலியா என்று கட்டடமே வியந்தது. சாப்பாட்டு மேசையை இயந்திரம் பிடித்துக்கொண்டதால் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வெட்டிய தூள் பறக்கும் என்று மின்விசிறி போட விடமாட்டார். மே மாதத்திலும் முந்தானையால் விசிறிக்கொண்டாள். ஒரு நாள் ரசத்தில் சிவப்பாக ஆங்கில எழுத்து ஒன்று மிதந்தது. கரண்டியால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தாளே தவிர, வாய் திறக்கவில்லை.

சரி, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு வருவோம். ஓட்டம் ஞாயிறு காலையில்.

பாஸ்கர் முதலில் எழுத்துகளை உரித்து எடுக்கப் பார்த்தார். பின்பக்கம் இஸ்திரிப் பெட்டியால் சூடுகாட்டி, முன்பக்கம் குறட்டால் இழுத்து, ஒட்டியிருந்த பசையைத் தின்னரால் துடைத்தார். அந்த வாடைக்கு மேல் வீட்டுக்காரர்கள் கேஸ் கசிகிறது என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். எழுத்து போய்விட்டது. ஆனால் எழுத்து இருந்த இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் தடம் நின்றுவிட்டது. முன்பு தப்பு மட்டும்தான் இருந்தது; இப்போது தப்பை அழிக்கப் பார்த்ததும் சேர்ந்து தெரிந்தது.

தடத்தை மறைக்க ஒரே வழி, அதன்மேல் அகலமாக ஒரு கறுப்புக் கட்டத்தை ஒட்டி, கட்டத்தின்மேல் வெள்ளை எழுத்தை ஒட்டுவது. ஒன்று செய்து பார்த்தார். அழைப்பிதழோடு வைத்து ஒவ்வொரு சுழியாகச் சரிபார்த்தார். ஜான்சியைக் கண்ணாடி போடச் சொல்லிப் படிக்க வைத்தார். இந்த முறை சரி. ஆனால் மீதிக்குக் கறுப்பு வினைல் போதாது. பிம்ப்ரியில் இஸ்மாயில் கடைக்குப் போனால் கிடைக்கும். இவரோ தின்னரும் கையுமாக நிற்கிறார்.

"நீங்க இருங்க. நான் போய் வாங்கிட்டு வாரேன்," என்றாள் ஜான்சி.

சனிக்கிழமை ஆஸ்பத்திரி டியூட்டிக்கு லீவு சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோவில் போய், தோளில் சுருளோடு வந்தாள். பார்த்தவர்கள் கண் கலங்காத குறை.

பாஸ்கர் சுருளைப் பிரித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இது என்ன, பின்னால பேப்பர் இருக்கு? நம்ம சரக்கு இப்படி இருக்காதே."

"புதுசா வந்திருக்காம். பேப்பர உரிச்சு ஒட்டிட்டு லேசா சூடு காட்டினா போதும், அழுத்தக்கூட வேண்டாம்னு இஸ்மாயில் பாய் சொன்னாரு."

திருப்பிக் கேட்க நேரம் இல்லை. ஒட்டி, ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். நன்றாகத்தான் பிடித்துக்கொண்டது. இருந்து இருந்து இப்போதுதான் தொழில் கைக்கு வந்திருக்கிறது என்று பாஸ்கருக்கு ஒரு நிம்மதி. கட்டம் அட்டை மாதிரி விறைப்பாக இருந்தது. போட்டுக்கொண்டு குனிந்தால் மடமடவென்று சத்தம் கேட்டது. ஓடுகிறவர்கள் எதற்குக் குனியப் போகிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். ஜான்சி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினாள்.

ஞாயிறு காலை நல்ல குளிர். அறுபது பேரும் மஞ்சளும் கறுப்புமாக வரிசையில் நின்றபோது பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சங்கத் தலைவர் ஸ்வாமிநாதன், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், தன் நெஞ்சைத் தானே குனிந்து பார்த்து, மடமடவென்ற சத்தத்தைப் பொருட்படுத்தாமல், எழுத்து கம்பீரமாக இருக்கிறது என்று மைக்கில் சொன்னார். பாஸ்கர் கூட்டத்தில் கிறிஸ்டோபரைத் தேடிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையின் ஆயுள், கொடி அசைத்து ஜனங்கள் ஓடத் தொடங்கும்வரைதான்.

வெயில் ஏறியது. உடம்பில் வேர்வை ஏறியது. முதல் கட்டம் நெடுஞ்சாலைத் திருப்பத்திலேயே விழுந்தது. அப்புறம் விழுவது நிற்கவே இல்லை. பின்னால் ஓடியவர்கள் முன்னால் ஓடியவர்களின் தமிழை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். கட்டம் விழுந்த நெஞ்சிலெல்லாம் சாம்பல் நிறத்தில் பழைய எழுத்து, திரும்பியபடி எட்டிப் பார்த்தது.

பாஸ்கர் ஸ்கூட்டரில் விரட்டிக்கொண்டு போய் விழுந்ததையெல்லாம் பொறுக்கினார். மற்றவர்களை விடுங்கள், மேடையில் போட்டோவுக்கு நிற்கப்போகிற தலைவருடையதையாவது காப்பாற்ற வேண்டுமே. பெட்டிக்கடையில் உடனே ஒட்டும் பசை ஒன்றை வாங்கி, மூச்சு வாங்க நின்ற ஸ்வாமிநாதனின் நெஞ்சில் தாராளமாகப் பிழிந்து, கட்டத்தை வைத்து அழுத்திப் பிடித்தார்.

"ஏம்பா, உள்ள சுடறதே."

"பிடிச்சுக்குது சார். ஒரு நிமிஷம் அசையாதீங்க."

பிடித்துக்கொண்டது. துணி கட்டத்தையும் பிடித்துக்கொண்டது, தலைவரையும் பிடித்துக்கொண்டது. மெல்லிய துணி, ஸ்வாமிநாதனுக்கோ நெஞ்சில் முடி அதிகம். பொன்னாடை போர்த்தும் வரைக்கும் பொறுத்துக்கொண்டவர், சர்க்கரைப் பொங்கலுக்குக் குனிந்தபோது போட்ட சத்தம் மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. கிளினிக்கில் டி-ஷர்ட்டைக் கத்தரித்து எடுத்தபோது, 'தமிழா' மட்டும் ஐயாவோடேயே தங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

சாய்கிருஷ்ணா மரியாதையான பிள்ளை. திட்டவில்லை.

"அங்கிள், நெக்ஸ்ட் இயர் நாங்க ஆன்லைன்ல பாத்துக்கறோம்," என்று மட்டும் சொன்னான்.

அன்று மத்தியானமே கிறிஸ்டோபர் யூனிஃபார்மோடு வந்துவிட்டார். தைத்து, இஸ்திரி போட்டு, உறையில் இருந்தது.

"விடுங்க மாப்ள. நிழல்ல நாற்காலி போட்டு உக்கார்ற வேலை. யாருக்குக் கிடைக்கும்?"

பாஸ்கர் உள்ளே போய் ஜான்சியிடம் மன்னிப்புக் கேட்டார். நீ இவ்வளவு பாடுபட்டும் உன் பெயரில் வைத்த கடையை என்னால் காப்பாற்ற முடியவில்லையே என்று நாக்குழறினார். ஜான்சியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இயந்திரங்களைப் பழைய சாமான்காரரை விட்டுத் தூக்கச் சொன்னதும், வாசலில் பலகையைக் கழற்றியதும் அவள்தான். அடுத்த வாரம் மேசை மேசையாயிற்று. மின்விசிறி சுழன்றது. ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை வந்தது.

பாஸ்கருக்கு இருந்த ஒரே ஆறுதல் கோபம். அது மொத்தமும் இஸ்மாயில் மேல். வண்டிக்கு ஒட்டுகிற ஸ்டிக்கரைப் புது சரக்கு என்று சொல்லி, விவரம் தெரியாத பெண்ணின் தலையில் கட்டிய துரோகி என்று கசார்வாடி ஸ்டேஷன் வரைக்கும் சொல்லிவைத்தார். இஸ்மாயிலின் நம்பரை பிளாக் செய்தார். அவன் கடை இருக்கும் பக்கம் முகம் திருப்புவதில்லை என்று விரதம்.

கேட்டில் யாரும் அவரைச் செருப்பால் அடிக்கவில்லை. அப்படி ஒருவர் சொன்னதே யாருக்கும் நினைவில் இல்லை. அதுதான் அதிகம் வலித்தது. பழைய கூட்டாளிகள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பையன், இப்போது பிளாண்ட் மேனேஜர், காரில் வரும்போதெல்லாம் எழுந்து சல்யூட் அடிக்க வேண்டும். அவனும் கண்ணாடியை இறக்கி, "கைஸே ஹோ, அங்கிள்?" என்று நல்லபடியாகத்தான் நலம் விசாரித்தான்.

பிப்ரவரியில் ஒரு நாள், பெட்டிகளுக்கு ஒட்டும் லேபிள் சுருள்களோடு ஒரு டெம்போ வந்து நின்றது. பக்கத்து சீட்டிலிருந்து இறங்கியது இஸ்மாயில்.

பாஸ்கர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். எல்லாச் சுருளையும் இறக்கச் சொன்னார். பிரித்துக் காட்டச் சொன்னார். மறுபடி ஏற்றச் சொல்லி, ஏற்றியதும் இன்னொரு முறை இறக்கச் சொன்னார். இஸ்மாயில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன பாஸ்கர் அண்ணே, நம்மளையே இந்தப் பாடு படுத்துறீங்க? போன் போட்டாலும் எடுக்க மாட்டேங்கிறீங்க."

"சிரிக்காதீங்க பாய்." பாஸ்கர் டெம்போவுக்குக் குறுக்கே வந்து நின்றார். "தொழில் பண்ணிட்டு இருந்தவனைக் கொண்டாந்து இங்க நிறுத்திட்டு, சிரிப்பு வேற. துணியில ஒட்டாத சரக்க எதுக்கு என் பொண்டாட்டி கையில குடுத்து விட்டீங்க? அவளுக்கு என்ன தெரியும்?"

இஸ்மாயில் கையிலிருந்த சுருளை மெல்லக் கீழே வைத்தார்.

"நான் துணிக்கு உள்ளதத்தான் அண்ணே எடுத்து வெச்சேன். அக்காதான், 'இது வேண்டாம் பாய், துணியில ஒட்டவே ஒட்டாதது எது, அதக் குடுங்க'ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க."