ஆனந்தவள்ளியின் வோல்ட் நோட்டு

இந்த நோட்டில் இருக்கும் இருபத்தோரு எண்களை நான் ஆறு வருஷமாக நம்பவில்லை. எழுதியது என் மனைவி ஆனந்தவள்ளி. அதனால் நம்புவதாக நடித்தேன். நடித்தது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

தென்காசியில் எங்கள் வீட்டு முன்னறையில் என் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. லினக்ஸ் போட்டது. மதினிமார் வரும்போதெல்லாம் வள்ளி அதைத் துண்டு போட்டு மூடுவாள். சாரல் காலத்தில் மின்சாரம் அடிக்கடி போகும். அவள் பார்க்கிற சீரியல் பாதியில் நிற்கும்.

"கரண்டு போனா இன்வெர்ட்டர் ஒரு மணி நேரங்கூட நிக்க மாட்டேங்கு. எல்லாம் உங்க பொட்டி குடிக்கிற குடி."

"டிவி குடிக்கலியா?"

"டிவி அளவாக் குடிக்கும். குடும்பத்துல பொறந்தது."

பொட்டி புறவாசல் அறைக்குப் போக வேண்டும் என்றாள். அங்கே தேங்காயும் எலியும் குடியிருந்தன. நான் பாலிடெக்னிக் லேபில் இருபது வருஷமாக அளக்கச் சொல்லிக் கொடுப்பவன். அளக்காமல் தண்டனை கிடையாது என்றேன்.

புளூடூத் மல்டிமீட்டர் ஒன்று வாங்கினேன். இரண்டு கம்பியை இன்வெர்ட்டர் பேட்டரியில் மாட்டினால், மீட்டர் வோல்ட்டைக் காற்றிலேயே அனுப்பும். அட்டைப்பெட்டியில் அப்படித்தான் போட்டிருந்தது. போனுக்கு மட்டும்தான் அனுப்பும் என்பது பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. லினக்ஸ் என்ற பெயரையே அது கேள்விப்பட்டதில்லை.

மூன்று வாரம் போராடினேன். மீட்டர் அனுப்புவது எண்ணே இல்லை. அதன் திரையில் எண்ணாகச் சேரும் குட்டிக் கோடுகளில் எது எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்ற பட்டியல். அதையும் கலைத்துப் போட்டு அனுப்பியது. காகிதத்தில் கோடு கோடாகப் போட்டுப் பொருத்திக்கொண்டிருந்தேன். காப்பி கொண்டுவந்த வள்ளி எட்டிப் பார்த்தாள்.

"தீக்குச்சி அடுக்கி வெளையாடுத வயசா இது?"

ஒரு நாள் கம்ப்யூட்டர் திரையில் எண் வந்தது. 1274 வோல்ட். நான் கண் கலங்கினேன்.

"ஆயிரத்து எரநூறா? அப்போ தெருவுக்கே கரண்டு குடுக்கலாமே. பக்கத்து வீட்டு ஷமீம் பானுவுக்கும் ஒரு வயர் இழுத்து விடுங்க."

புள்ளியை விட்டிருந்தேன். 12.74. புள்ளியும் ஒரு கோடுதான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு திட்டத்தைச் சொன்னேன். மாதம் ஒரு சனிக்கிழமை பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை மின்சாரத்தை நிறுத்துவார்கள். முதல் மாதம் டிவி, ஃபேனோடு கம்ப்யூட்டரும் ஓடும். அடுத்த மாதம் கம்ப்யூட்டர் ஓடாது. எது குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

"கம்ப்யூட்டர் ஓடாத அன்னைக்கு வோல்ட்ட யாரு எழுதுவா?"

"கம்ப்யூட்டர்தான்," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

முதல் மாதம் கம்ப்யூட்டர் அழகாக எழுதியது. பத்து இருபதுக்கு இன்வெர்ட்டர் கத்திவிட்டு ஓய்ந்தது. கம்ப்யூட்டர் தன் சாவைத் தானே எழுதி வைத்துவிட்டுச் செத்தது.

அடுத்த மாதம் வள்ளி ஒரு நோட்டை எடுத்தாள்.

"மீட்டர்லயே நம்பர் தெரியுதுல்லா. கால் மணிக்கு ஒருக்கா நான் எழுதுதேன். டிவியும் ஃபேனும் ஓடட்டும். நீங்க வீட்ல இருந்தா பொட்டியப் போட்டுருவிய. பண்பொழிக்குப் போயி மலையேறி குமாரசாமியக் கும்பிட்டுட்டு வாங்க. சுகருக்கும் நல்லது."

புறப்பட்டேன். சாரல் முகத்தில் அடித்தது. வண்டி பண்பொழிப் பக்கம் போகாமல் ஐந்தருவிப் பக்கம் திரும்பியது. நான் திருப்பினேனா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அருவியில் குளித்தால் பசிக்கும். பசித்தால் எதிரே பஜ்ஜிக்கடை. எண்ணெய்ப் பண்டம் ஆகாது என்று டாக்டர் சொன்னது அருவிச் சத்தத்தில் கேட்கவில்லை. வரும் வழியில் இலஞ்சிக் கோயிலில் திருநீறு எடுத்துக்கொண்டேன். முருகன் எங்கே இருந்தாலும் முருகன்தான்.

இரண்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். நோட்டு தயாராக இருந்தது. ஒன்பது மணிக்கு 12.7. இரண்டு மணிக்கு 12.6. நடுவில் எல்லாம் எறும்பு வரிசை.

"டிவி, ஃபேன் எல்லாம் ஓடுச்சா?"

"வீடுன்னா ஓடாம இருக்குமா?"

பொழுது சாய்வதற்குள் கம்ப்யூட்டர் தேங்காய்களோடு சேர்ந்துவிட்டது.

லேபில் ஒரு பையனின் அளவுகள் துளியும் நடுங்காமல் வந்தால், அவன் கேன்டீனில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான் என்று அர்த்தம். பாரம் ஏற்றினால் எந்த பேட்டரியும் தாழும். இது தாழவில்லை. பையனாக இருந்தால் மார்க்கைக் குறைத்திருப்பேன். மனைவிக்கு எதைக் குறைப்பது? தவிர, நான் நோட்டைப் பற்றிக் கேட்டால், பண்பொழி மலையில் எத்தனை படி என்று அவள் கேட்டுவிடுவாள். ஆறு வருஷம் ஓடிவிட்டது.

போன வாரம் பக்கத்து வீட்டு ஷமீம் பானு, ஓடாத சார்ஜர் ஒன்றைக் கொண்டுவந்தாள். நான் மீட்டரை எடுத்தேன்.

"இந்த மிசின வச்சி அக்கா நோட்டுல எழுதுனாவல்லா அண்ணே. அன்னைக்குத்தான் நாங்க ரெண்டு பேரும் ஐந்தருவிக்குப் போனோம். நல்ல தண்ணி."

சார்ஜரைக் கீழே வைத்தேன். நேரே அடுக்களைக்குப் போனேன். வள்ளி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நீ வீட்லயே இல்லியா?"

"ஒம்பது மணிக்கு எழுதிட்டுப் போனேன். ரெண்டு மணிக்கு வந்து எழுதுனேன். ரெண்டும் மீட்டர்ல பாத்ததுதான்."

"நடுவுல பத்தொம்பது இருக்கே?"

"பன்னெண்டு ஏழுக்கும் பன்னெண்டு ஆறுக்கும் நடுவுல வேற என்னத்த எழுதச் சொல்லுதிய?"

"அப்போ டிவி, ஃபேன் எதுவும் ஓடல."

"ஆளில்லாத வீட்ல எதுக்கு ஓடணும்? பேட்டரிக்குக் கேடு."

ஆறு வருஷ அநீதி நெஞ்சில் பொங்கியது. இன்றைக்கே பொட்டி முன்னறைக்கு வந்தாக வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வள்ளி கத்தியை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை.

"பொம்பளையாளுக குளிக்கிற பக்கத்துல நின்னு பாத்தா பஜ்ஜிக்கடை நல்லாத் தெரியும். பண்பொழி மலைதான் தெரியல."

ஆறு வருஷமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த கேள்விகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. மிச்சம் இருந்ததைக் கேட்டேன்.

"பஜ்ஜியையும் கால் மணிக்கு ஒருக்கா எழுதுனியா?"