பத்துக்கு ஆறு போட்டதற்குக் கண்ணீர் அஞ்சலி

பல்லடம்.

மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி நடத்தும் மரியாதைக்குரிய மச்சான் பாலகோபால் அவர்களுக்கு, உங்கள் தங்கை மயிலாத்தாளின் கணவன் காளிச்சாமி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் பண்ணையில் கோழிகளும் சுகம். மகள் அக்ஷயா உயிருடன் சுகம். மற்ற குடும்பங்களில் கடிதம் எழுதினால் இந்த வரி தேவைப்படாது, நம் நிலைமைக்கு முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். என் நம்பரிலிருந்து போன் வந்தால் நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் இனி இந்த ஜென்மத்தில் நம்ப மாட்டேன் என்று மண்டியில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்காமலே நீங்கள் காரில் ஏறிவிட்டதால் முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் சிபாரிசு பண்ணி வாங்கிக் கொடுத்த கம்பெனி வேலையை அக்ஷயா விட்டுவிட்டு, மாடி ரூமில் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடி, அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று யூடியூபில் பேசிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். அதற்காக நீங்கள் கோபப்பட்டு, “இனி அந்தப் புள்ள செத்தாலும் உங்க ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனதும் எனக்கு மறக்கவில்லை. உங்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தமிழில் பேசுவதால் அவள் பேச்சைக் கேட்க மதுரையிலும் சிங்கப்பூரிலும் ஆட்கள் இருக்கிறார்கள். பேசி முடித்து கடைசியில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவாள். போன மாதம் டஸ்க்வார்டன் மூன்றாம் பாகம் என்று ஒரு கேம். அதற்காக வருஷக்கணக்கில் பையன்கள் காத்துக் கிடந்தார்களாம். இவளைப் போல மார்க் போடுகிற மற்ற ஆட்கள் எல்லாம் பத்துக்குப் பத்து போட்டுவிட்டார்கள். நம் பிள்ளை, “முதல் பாதி அருமை. ரெண்டாம் பாதி பூராவும் அதே மலை, அதே ஓநாய், இழுத்துட்டே போறாங்க” என்று சொல்லி ஆறு போட்டாள். உடனே அந்த வீடியோவுக்குக் கீழே வசவும் மிரட்டலும் வந்து குவிந்துவிட்டன.

எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம், ஆறு என்றால் அறுபது பர்சன்ட், ஃபர்ஸ்ட் கிளாஸ். நீங்களும் நானும் எஸ்.எஸ்.எல்.சி.யில் என்ன வாங்கினோம் என்பது நமக்குத் தெரியும், நம்மை யாராவது வெட்டுவேன் குத்துவேன் என்றார்களா? இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த கேம் அப்போது விற்பனைக்கே வரவில்லை. மார்க் போடுகிறவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே அனுப்பி வைப்பார்களாம். திட்டியவர்களில் ஒருவன்கூட அதை ஆடிப் பார்த்ததில்லை. ஜாதகம் வருவதற்கு முன்பே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த மாதிரி, பத்துக்குப் பத்து என்று முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். ஆறு குறைச்சல் என்று ஒரு கூட்டம் திட்ட, அந்தக் கம்பெனியைப் பிடிக்காத இன்னொரு கூட்டம் வந்து ஆறு அதிகம், காசு வாங்கிவிட்டாள் என்று திட்டியது. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஜென்ம விரோதிகள். நம் பிள்ளையைத் திட்டுவதில் மட்டும் ஒற்றுமை.

இங்கேதான் நான் புகுந்தேன். பெரிய மனுஷன் ஒருத்தன் தணிவாக நாலு வார்த்தை சொன்னால் பையன்கள் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்து, அந்த வீடியோவுக்குக் கீழே நானே எழுதினேன். ‘தம்பிகளுக்கு வணக்கமுங்க. பாப்பா மனசுல பட்டதைச் சொல்லிப்போட்டாள், தப்பா எடுத்துக்காதீங்க. எதுவா இருந்தாலும் நேர்ல பேசித் தீர்த்துக்கலாமுங்க. இந்தப் பக்கம் வந்தா அவசியம் ஊட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்.’ சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு விலாசம் கொடுக்காமல் இருப்பது மரியாதையா, நீங்களே சொல்லுங்கள். பண்ணை பேர், போன் நம்பர், பல்லடத்தில் எந்த பஸ் பிடித்து எங்கே இறங்க வேண்டும் என்பது வரை எழுதிவிட்டேன். அக்ஷயா அதைப் படித்துவிட்டு, “ஏனுங்கப்பா, என்னங்க செஞ்சு வெச்சிருக்கறீங்க?” என்று முதலில் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அடுத்த நாளிலிருந்து போன். உங்கள் தங்கையைப் பற்றி ஒருவன் சொன்னதை இந்தக் காகிதத்தில் எழுத என் கை கூசுகிறது. குரலைக் கேட்டால் கல்லூரிக்குப் போகிற பையன். “தம்பி, சாப்டீங்களா?” என்று கேட்டுப் பார்த்தேன். அதற்கும் திட்டினான். அக்ஷயா என் போனை வாங்கி அணைத்து அலமாரியில் வைத்துவிட்டாள். அதுவும் நல்லதுக்குத்தான் செய்தாள், ஆனால் அதனால் வந்த வினையைப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் எவனோ என் வாட்ஸ்அப்பில் இருந்த படத்திலிருந்து அவள் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, இரண்டு பக்கமும் ஊதுபத்தி, நடுவில் கண்ணீர் அஞ்சலி, மலர்வு, உதிர்வு, காளிச்சாமி மயிலாத்தாள் தம்பதியின் அருமை மகள், நாளை காலை பல்லடம் இல்லத்திலிருந்து இறுதி ஊர்வலம் என்று நம் பக்கத்துப் போஸ்டர் போலவே அச்சு அசலாகச் செய்து, ‘துயரில் வாடும் டஸ்க்வார்டன் குடும்பத்தார்’ என்று கீழே போட்டு அனுப்பிவிட்டான். அவர்களுக்குள் சிரிப்பதற்குச் செய்தது, எப்படியோ நம் குலத்தார் குரூப்பில் வந்து விழுந்தது. டஸ்க்வார்டன் என்பது அவள் வேலை பார்க்கும் கம்பெனி என்று நம் ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். “கம்பெனிக்காரங்களே போட்டிருக்கறப்போ பொய்யா இருக்குமா?” என்று பேசியிருக்கிறார்கள். சாவுச் செய்தி வந்தால் போன் பண்ணி நிஜமா என்று கேட்பது நம்மிடம் வழக்கமில்லை, கிளம்பிவிடுவதுதான் வழக்கம். அப்படியும் கேட்கலாமென்று கூப்பிட்ட ஒன்றிரண்டு பேருக்கு என் போன் அணைந்திருந்ததும் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

காலையில் நான் தீவனம் போட்டுக்கொண்டிருந்தபோது வேனில் நாற்காலி வந்து இறங்கியது. பக்கத்துத் தோட்டத்தில் ஏதோ விசேஷமாட்ட இருக்குது என்று நானும் ஒரு கை பிடித்து இறக்கிக் கொடுத்தேன். அந்த டிரைவர் என் தோளைத் தொட்டு, “மனசைத் திடமா வெச்சுக்கோங்க” என்றான். நாற்காலி இறக்குவதற்கு எதற்குத் திடம் என்று எனக்குப் புரியவில்லை. பின்னாலேயே பந்தல் சாமான் வந்தது, அதற்குப் பின்னால் குளிர்பெட்டி. எல்லாம் பெருந்துறையிலிருந்து கிளம்பி வந்த என் சித்தப்பா மகன் கிருபாசங்கர் வழியிலேயே போன் போட்டுச் சொன்னது. எந்த வீட்டில் இழவு விழுந்தாலும் முதல் ஆளாக நிற்பவன் என்று உங்களுக்குத் தெரியும். அப்புறம் நீங்கள். கையில் கோடிச் சேலையோடு காரிலிருந்து இறங்கி, செருப்பு ஒரு பக்கம் துண்டு ஒரு பக்கம் போக ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, “மாப்ள, என்ர வாயில வந்த சொல்லு பலிச்சுப்போச்சே” என்று கதறினீர்கள். இத்தனை காலம் கழித்து நீங்கள் அழுதுகொண்டு வருவதைப் பார்த்த உங்கள் தங்கை, உங்கள் வீட்டில்தான் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, “அண்ணா, யாருங்கண்ணா? யாரு போயிட்டாங்க?” என்று உங்கள் காலைக் கட்டிக்கொண்டாள். அண்ணனும் தங்கையும் ஆளுக்கு ஒரு வீட்டுச் சாவுக்கு அழுதீர்கள். நான் எந்த வீட்டுக்கு அழுவது என்று தெரியாமல் நடுவில் நின்றேன்.

சத்தம் கேட்டு அக்ஷயா தலைகூட வாராமல் காப்பி டம்ளரோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வந்தவள் நேராக உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் முதுகைத் தடவி, “அழுகாதீங்க மாமா. யாருங்க போனது?” என்று கேட்டாள். அதற்கு அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும், பெண்கள் போட்ட கூச்சலில் கொட்டகையில் கோழிகள் மிரண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறி நாலைந்து நிஜமாகவே செத்தன. வந்த கூட்டத்தைச் சாப்பிடாமல் அனுப்ப முடியாது, சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, இது சாவு வீடா இல்லையா என்று பந்தலில் பெரிய விவாதம். “சாவு நடக்கலை, அதனால சாப்பிடலாம். ஆனா சாவுக்குன்னு கெளம்பிட்டோம், அதனால தலைக்குத் தண்ணி வாத்துக்கோணும்” என்று கிருபாசங்கர் தீர்ப்புச் சொன்னான். எல்லோரும் குளித்ததில் தொட்டி காலியானது. செத்த கோழிகளைப் பார்த்து ஒருவர், “இதுக்காச்சும் மாலை போடுங்க” என்றார்.

குளித்து ஈரத்தலையோடு உட்கார்ந்த பிறகு பஞ்சாயத்து ஆரம்பித்தது. எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஆறு என்று எப்படியோ விளங்கிக்கொண்டு, “அந்த ஆறை எட்டாப் போட்டுரு கண்ணு, நமக்கென்ன நட்டம்?” என்றான் கிருபாசங்கர். “எட்டு வேண்டாம், அந்தப் புள்ள பேச்சுக்கும் மரியாதை இருக்கோணும், ஏழரையா முடிச்சுக்கலாம்” என்று ஒருவர் சொல்ல, வாய் கழுவு, ஏழரையை யாராவது வீட்டுக்குள் கூப்பிடுவார்களா என்று பெண்கள் சண்டைக்குப் போனார்கள். தக்காளிக்கு விலை பேசுவது போல ஆளாளுக்கு ஏற்றி இறக்கினார்கள். அக்ஷயா நடுவில் நின்று, “ஆறுதானுங்க சித்தப்பா. முழுசா ஆடிப் பார்த்துட்டேன். ஆறுதான் வருது” என்றாள். அவள் கண்ணில் பயமில்லை. நீங்கள் மட்டும் எழுந்து, “ஊரே பார்க்க அழுதுபோட்டேன். இனி இந்த ஊட்டுல நெசமாலுமே ஒண்ணுன்னாலும் வரமாட்டேன்” என்று சேலையை நாற்காலியில் எறிந்துவிட்டுப் போனீர்கள். மச்சான், பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்பதற்காகவா கோபித்துக்கொள்வது? வாசப்படி மிதிக்க மாட்டேன் என்ற சொல்லை நீங்கள் காப்பாற்றவில்லை. அதற்காக நான் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இனி எழுதுவது சிரிக்கிற விஷயமில்லை. அன்றைக்கு நம் சொந்தங்கள் அழுததை எவனோ வேலிக்கு வெளியே நின்று படம் பிடித்துப் போட்டுவிட்டான். லட்சம் பேர் பார்த்துச் சிரித்தார்கள். ‘அடுத்த தடவை நெசமா’ என்று கீழே ஒருவன் எழுதியிருக்கிறான். போலீசில் மனு கொடுத்திருக்கிறோம், விசாரிப்பதாகச் சொன்னார்கள். அக்ஷயா மாடியை விட்டு இறங்குவதில்லை. முந்தாநாள் சாப்பாடு கொண்டுபோனபோது அந்தப் போஸ்டரைக் கம்ப்யூட்டரில் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “போட்டோ நல்லா இருக்குதுங்கப்பா. ஏதாச்சும்னா இதையே வெச்சிருங்க” என்றாள். நான் சிரித்துவிட்டு இறங்கி வந்து, பண்ணை மருந்து ரூமைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். கீழே புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி உங்கள் தங்கை இப்போது அவள் ரூமில்தான் படுக்கிறாள். கோயமுத்தூரில் ஒரு டாக்டரைப் பார்க்கலாம் என்றால் வர மாட்டேன் என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். இதை வேறு யாரிடமும் என்னால் சொல்ல முடியாது.

ஆகையால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. கோபத்தை விட்டு ஒரு தரம் வந்து, தாய்மாமன் என்கிற உரிமையில் அவளை உட்கார வைத்து, எட்டு போடச் சொல்லுங்கள். நீங்கள் அழுததை அவள் பார்த்தாள், நீங்கள் சொன்னால் கேட்பாள். யாரோ வெள்ளைக்காரன் செய்த கேமுக்கு இரண்டு மார்க் கூடப் போட்டால் நாம் என்ன குறைந்துவிடப் போகிறோம்? அவர்கள் அடங்குவார்கள், பிள்ளையும் பழையபடி ஆவாள். அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும். உங்கள் மண்டியும் குடும்பமும் குறைவில்லாமல் இருக்க அந்த முருகன் துணை நிற்கட்டும்.

தங்கள் அன்பு மறவாத,
காளிச்சாமி

பி.கு.: இதை மடித்து வைத்துவிட்டுத் தீவன லாரியில் சரக்கு இறக்கப் போயிருந்தேன். அதற்குள் அக்ஷயா எட்டு போட்டுவிட்டாள். நேற்று நானே அவள் முன்னால் உட்கார்ந்து, “அப்பனுக்காக ஏத்திப் போடு கண்ணு” என்று அழுதேன், மேலே எழுத வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். இறங்கி வந்து, “எட்டாக்கிப்போட்டேனுங்கப்பா” என்றாள். மைக்கையும் காதில் மாட்டுவதையும் வயரோடு சுற்றி என் கையில் கொடுத்து, “இதெல்லாம் இனி எனக்கு வேண்டாமுங்க, யாருக்காச்சும் குடுத்துருங்க” என்றாள். திட்டு நிற்கவில்லை. பயந்து காசு வாங்கிக்கொண்டு மாற்றிவிட்டாள் என்கிறார்கள். “இப்ப அவங்க சொல்றது சரிதானுங்களே? நான் பொய்தானே சொல்லியிருக்கறேன்” என்கிறாள். குரலில் கோபம்கூட இல்லை மச்சான். அன்றைக்குப் பந்தலுக்கு வந்த நம் கூட்டம் தப்பான நாளில் வந்துவிட்டது, பிள்ளைக்கு ஆள் துணை வேண்டியது இப்போதுதான். மேலே கேட்டதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டு போடச் சொல்ல வர வேண்டாம், மறுபடியும் ஆறு போடச் சொல்ல வாருங்கள். நான் சொன்னால் எடுபடாது, எட்டு போடு என்று அழுதவன் நான்தானே. இதைத் தபாலில் போடவில்லை, மேட்டுப்பாளையம் வரும் தீவன லாரி டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அந்த லாரியிலேயே ஏறி வந்துவிடுங்கள்.