ஆற்றங்கரைச் சுவர் விஷயமாக

அன்புள்ள நாத்தனாருக்கு,

எதிர்க்கரையிலிருந்து உன் அண்ணி ஆசிகளுடன் எழுதுவது. என் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லாம் சௌக்கியம். உன் வீட்டுக்காரரின் இருமல் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்தப் பக்கம் காற்றடித்தும் காதில் விழவில்லை.

மலையிலிருந்து கடல் வரை ஆறு முழுவதற்கும் ஒரே திட்டம் போட வேண்டுமென்று, கரையோர நகராட்சிகள் எல்லாம் சேர்ந்து கூட்டம் நடத்தின. உன் நகராட்சியும் என் நகராட்சியும் ஒரே மேஜையில் உட்கார்ந்ததே அதிசயம். வெள்ளம் வந்தால் நம் இரண்டு வீடும்தான் நனைகின்றன. யார் சுவர் யார் வீட்டுக்குள் தண்ணீரைத் தள்ளுகிறது என்பதுதானே நம் சண்டை? உன் அண்ணா கட்டிய சுவரில் ஒரு செங்கல்லும் தரமாட்டேன் என்று சொல்லவே போனேன். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான், எழுதி வைத்துக்கொண்டுதான் பேசுவேன், பேச விட்டால்தானே? மண்டபத்தின் நடுவே ஆற்றையே மண்ணால் செய்து வைத்திருந்தார்கள். ஒவ்வோர் ஊரும் தன் பகுதியைத் தனியாகச் செய்து வேனில் கொண்டுவந்திருந்தது. மலையூர்க்காரர்கள் பெருமைக்காகத் தங்கள் மலையை உயர்த்திவிட்டதால், முதலில் ஊற்றிய தண்ணீர் அருவியாகக் குதித்துக் கூட்டத் தலைவரின் மடியில் விழுந்தது. மீதிக் கூட்டத்தை அவர் நின்றுகொண்டே நடத்தினார்.

மலையைச் சீவிவிட்டு மறுபடி ஊற்றியபோது மண்டபமே எழுந்து வந்து சுற்றி நின்றது. ஒரு பாறை இடுக்கில் வெறும் ஈரமாகத் தொடங்கி, ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு, எந்த ஊர் எல்லையிலும் நிற்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் நம் ஆறு வந்தது. இத்தனை காலம் ஜன்னலளவு ஆற்றையே ஆறு என்று நினைத்திருந்தேன். பிறகு தண்ணீர் என் சுவரில் மோதித் திரும்பி நேரே உன் வீட்டுக்குள் போயிற்று. உன் வீடு என்று அங்கே வைத்திருந்தது ஒரு தீப்பெட்டி. அது மிதந்தது.

"என்னம்மா செய்யலாம்?" என்றார் உங்கள் ஊர் இன்ஜினியர்.

"இடிச்சிடுங்க. என் மனசு மாறறதுக்குள்ள சீக்கிரம் வந்து இடிச்சிடுங்க."

நேற்று இடித்துவிட்டார்கள். மன்னிப்பு என்ற சொல்லை நான் எங்கும் எழுதவில்லை, கவனித்திருப்பாய். ஆனாலும் நீ சொன்னதுதான் வாஸ்தவம்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் நனையாமல் இருங்கள்.

இப்படிக்கு,
அண்ணி

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் அந்த இன்ஜினியர் போன் செய்தார். வேனிலிருந்து இறக்கும்போது நம் இரண்டு கரைகளின் பெயர்ச்சீட்டும் மாறிவிட்டதாம். தண்ணீரைத் தள்ளுவது உன் சுவர். மிதந்த தீப்பெட்டி நான். ஆகையால் மேலே உள்ளதை நீ எனக்கு எழுதியதாக வைத்துப் படித்துக்கொள். சுவர் போனதிலிருந்து அடுப்படியில் நின்றாலே ஆறு தெரிகிறது. காலையில் காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே உன் சுவர்தான் அசிங்கமாக நிற்கிறது. மழைக்கு முன் இடி.