தீக்கு மட்டும்

பாளையம்பட்டியில் கடைசியாக எப்போது தீப்பிடித்தது என்று யாருக்கும் நினைவில்லை. குடிதண்ணீர் கடைசியாக எப்போது வந்தது என்பது மட்டும் எல்லாருக்கும் நினைவிருந்தது. ஆகவே மேலிடத்தில் கூடிப் பேசியவர்கள் தீயைப் பற்றிக் கவலைப்படுவது என்று முடிவெடுத்தார்கள்.

அந்தக் கவலை முதலில் வந்து இறங்கிய இடம் சௌந்தரபாண்டியனின் கல்யாண மண்டபம். மானாவாரிக் காட்டில் பருத்தியும் சோளமும் போட்டு அலுத்துப்போன மனிதர், பாதிக் காட்டை விற்று மீதியில் கட்டியது. ஆவணியில் அங்கேதான் மகள் பிருந்தாவின் கல்யாணம். நரிக்குடிச் சம்பந்தி கருத்தப்பாண்டி, "சொந்த மண்டபத்துலதான நடக்கும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் தட்டு மாற்றியிருந்தார்.

சித்திரை வெயிலில் தீத்தடுப்பு ஆய்வாளர் ஜெகதீஸ்வரன் வந்தார். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்சுவரின் முன்னால் நின்றார்.

"அவசர வழி எங்க?"

"முன்வாசலே தேர் போற அகலம் இருக்கே சார்."

"அது சாதாரண வழி. அவசரத்துல ஜனங்க சாதாரண வழியில போக மாட்டாங்க."

சுவரை உடைத்து வேப்பமரக் கதவு ஒன்று வைத்தார்கள். மேலே சிவப்பு எழுத்தில் 'அவசர வழி' என்று எழுதினார்கள். கதவைத் திறந்தால் பக்கத்துக் காட்டுச் சீமைக்கருவேலம் ஆடுகூட நுழைய முடியாமல் மண்டிக் கிடந்தது.

"சார், கதவுக்கு அங்கிட்டு பூராம் முள்ளு."

"கதவு இருக்கணும்ங்கிறதுதான் எங்க விதி. அங்கிட்டு என்ன இருக்குன்னு பார்க்கிறது வேற துறை."

அடுத்தது தொட்டி. மண்டபத்துக்கு முன்னால் ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி, அதற்கு ஒரு குழாய், குழாய்க்கு ஒரு பூட்டு, பூட்டைப் பார்த்தபடி ஒரு கேமரா. தொட்டியின் வயிற்றில் 'தீக்கு மட்டும்' என்று எழுதச் சொன்னார் ஆய்வாளர்.

"ஆவணி முடியுற வரைக்கும் தற்காலிகச் சான்றுதான். தீயணைக்கிறதுக்குத் தவிர ஒரு சொம்பு எடுத்தாலும் சான்று ரத்து, மண்டபத்துக்குச் சீல். நான் ஆபீஸ்ல இருந்தே பார்த்துக்கிட்டிருப்பேன்."

"தீக்கு எடுத்துக் கொறைஞ்சு போச்சுன்னா சார்?"

"மறுநாளே லாரி வந்து நிரப்பிடும். அதுக்குத் தனி நிதி இருக்கு."

சௌந்தரபாண்டியன் அசந்து போனார். தெருவுக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்டபோதெல்லாம் பழுதாகிக் கிடந்த அதே லாரிதான், சொன்னபடி வந்து, தளும்பத் தளும்ப நிரப்பிவிட்டுப் போனது.

மறுநாள் எதிர்வீட்டு அழகுத்தாய் குடத்தோடு வந்து நின்றாள். நூல் மில்லில் ராத்திரி ஷிப்டு முடித்து வந்த கண்கள்.

"அண்ணாச்சி, ரெண்டு கொடம் பிடிச்சுக்கிடுதேன்."

"தர முடியாதுத்தா. தீக்கு மட்டும்."

"தீ எப்ப வரும்?"

"வராது."

"வராத தீக்குத் தண்ணி இருக்கு. வந்து குடியிருக்கிற எங்களுக்கு இல்லையா?"

"நான் என்னத்தா செய்ய? பிருந்தா கல்யாணத்தை வச்சுக்கிட்டு..."

அவருக்கு உள்ளபடியே வெட்கமாக இருந்தது. ஒரு குடம் தண்ணீரை இல்லையென்று சொன்ன வாயில் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அழகுத்தாய் சண்டைக்கு வரவில்லை என்பது இன்னும் சங்கடமாக இருந்தது. அவள் தொட்டியில் எழுதியிருந்ததை நிதானமாக வாசித்தாள்.

"தீ வந்தா குடுப்பீகள்ல?"

"வந்தா குடுத்துத்தானே ஆகணும்."

மறுநாள் விடிந்ததும் அவள் வாசலில் தீ வந்துவிட்டது. உடைந்த சட்டியில் ஒரு தேங்காய் மட்டை எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அழகுத்தாய் குடங்களோடு நின்றாள்.

சௌந்தரபாண்டியன் ஆய்வாளருக்குப் போன் போட்டார்.

"கண்ணுக்குத் தெரியிற தீயா?"

"புகையும் வருது சார்."

"அப்ப ஏன் போன்ல பேசிக்கிட்டிருக்கீங்க? திறந்து விடுங்க."

அழகுத்தாய் குடங்களை நிரப்பினாள். ஒரு கை தண்ணீரை அள்ளி மட்டையின் மேல் தெளித்தாள். தீ அணைந்தது.

"சார், தீ அணைஞ்சிருச்சு. கொடத்துல மிச்சம் இருக்கு."

ஆய்வாளர் விதிகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "மிச்சத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

அப்புறம் தெரு முழுக்கத் தீ. மழைக்குத்தான் பஞ்சமே தவிர, தீப்பெட்டிக்குப் பஞ்சம் வந்த சீமை இல்லை இது. ஆளுக்கொரு சட்டியில் நெருப்பை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். நெருப்பில்லாமல் இடையில் புகுந்தால், "ஏலே, பத்த வச்சுட்டு வந்து நில்லு" என்று விரட்டுவார்கள். குப்பை, மட்டை, பழைய பாய், கிழிந்த செருப்பு எல்லாம் எரிந்து தீர்ந்தன. சுத்தமான தெரு என்று இன்னொரு துறை வந்து கேடயம் கொடுத்துவிட்டுப் போனது. எரிக்க ஒன்றும் கிடைக்காமல் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த கருவேலத்தை வெட்ட ஆரம்பித்தார்கள். ஆடி முடிவதற்குள் அது வேரோடு காலி. வரலாற்றில் முதல் தடவையாக அவசரக் கதவுக்கு அங்கிட்டு வழி இருந்தது.

ஜெகதீஸ்வரனுக்கும் பாராட்டு வந்தது. ஒரே தெருவில் இத்தனை தீ விபத்துகள், ஒரு உயிர்ச்சேதம்கூட இல்லை. மேலிடம் மகிழ்ந்து, டவுனில் வார்டுக்கு ஒரு தீத்தொட்டி கட்ட உத்தரவிட்டது. குடிநீருக்கு ஒதுக்கிய நிதியை இதற்குத் திருப்பிவிட்டார்கள். குடிநீர் வேண்டும் என்று அதன் பிறகு எந்த வார்டிலிருந்தும் மனு வரவில்லை என்பதால் அந்த முடிவு சரியென்றும் நிரூபணமாகிவிட்டது.

கல்யாண நாள் வந்தது. வாசலில் வாழைமரத்தைவிட உயரமாக ஃப்ளெக்ஸ் போர்டு. அதில் மாப்பிள்ளையைவிடப் பெரிதாக, கூலிங்கிளாஸ் போட்ட ஜெகதீஸ்வரன். சமையல்காரர் முத்துராஜ் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, போர்ல காத்துத்தான் வருது. அரிசி களையக்கூடத் தண்ணி இல்ல."

லாரிக்காரருக்குப் போன் போட்டார் சௌந்தரபாண்டியன். "எல்லா லாரியும் தீத்தொட்டிக்குப் போயிருச்சுண்ணே. கல்யாணத்துக்கெல்லாம் இப்ப ஓட்டம் இல்ல."

சம்பந்தி வீட்டார் வேன் வேனாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் தொட்டி தளும்பிக்கொண்டிருந்தது. பட்டுச் சட்டையில் வந்த ஆய்வாளரை ஓரமாகக் கூட்டிப் போனார்.

"சார், இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் தண்ணி எடுத்துக்கிடுதேன். எம்புள்ள கல்யாணம்."

"விதிய நானா போட்டேன்? தீ இருந்தா நானே திறந்து விடுறேன்."

"சமையக்கட்டுக் கோட்டை அடுப்புல இம்புட்டுத் தீ எரியுதே சார்."

"அது அனுமதிக்கப்பட்ட தீ. அதை அணைச்சா தப்பு."

ஒரு மட்டை கிடைக்குமா என்று தெருவுக்கு ஓடிப் பார்த்தார். கேடயம் வாங்கிய தெருவில் ஒரு துரும்பு கிடைக்கவில்லை. சீர்ப்பாத்திரத்தோடு வந்த அழகுத்தாய் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பின்பக்கம் கையைக் காட்டினாள்.

"அந்தக் கதவு சும்மாதான அண்ணாச்சி நிக்குது?"

சௌந்தரபாண்டியன் ஆய்வாளரைப் பார்த்தார். "கதவு போயிட்டா சான்று ரத்தாகுமே சார்?"

ஜெகதீஸ்வரன் கண்ணை மூடி யோசித்தார். "நீங்க கழட்டினா ரத்து. தீ விபத்துல போனா அது இழப்பு. இழப்புக்கு ரத்து கிடையாது."

நாலு பேர் கதவைப் பெயர்த்துக்கொண்டு வந்து தொட்டிக்கு முன்னால் சாய்த்தார்கள். பட்டு வேட்டி கட்டியிருந்த சௌந்தரபாண்டியன் இடுப்பைத் தடவினார். தீப்பெட்டி இல்லை. ஆய்வாளர் தன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். பெட்டி பாதி காலியாக இருந்தது.

"எங்க வீட்டுப் பக்கமும் தண்ணி வந்து ரொம்ப நாளாச்சு" என்றார் மெதுவாக.

கதவு எரிந்தது. குழாய் திறந்தது. அரிசி களைந்து உலை வைத்தார்கள். நல்ல நேரம் தவறாமல் பிருந்தா கழுத்தில் தாலி ஏறியது. சௌந்தரபாண்டியன் தூணுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

பந்தி முடிந்து கை கழுவிய கருத்தப்பாண்டி, குழாயை மூட மனமில்லாமல் நின்றார். நரிக்குடிக் கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது. அவர் ஆய்வாளரிடம் பணிவாகக் கேட்டார்.

"எங்க ஊருக்கு இந்தத் தீ எப்ப சார் வரும்?"

"மனு குடுத்து வையுங்க. வரிசைப்படி வரும்."

பெண்ணை வழியனுப்பும் நேரம். வேனில் பீரோ, கட்டில், குடம், குத்துவிளக்கு எல்லாம் ஏறிவிட்டன. சௌந்தரபாண்டியன் பெட்டிக்கடைக்கு ஓடிப்போய் ஒரு பண்டல் தீப்பெட்டி வாங்கி வந்து, அந்தக் குடத்துக்குள் வைத்துக் கட்டினார்.