தேக்குப் பெட்டிக்குள் ஒரு செருமல்

பயந்து ஓடும்போது கழுத்தில் கிடார் தொங்கினால் ஓட்டம் சுகப்படாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

அப்பாவுக்குக் காரைக்குடியில் தச்சுப் பட்டறை. எனக்குக் கிடார் பைத்தியம். "கண்டனூர்க் கல்யாணத்துல வாசி. நாலு பேரு கைதட்டிட்டா, பட்டறைக்கு வான்னு இனிமே கூப்பிட மாட்டேன்" என்றார். அதற்காகவே, காலால் மிதித்தால் கிடார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடல் ஒன்றை நானே சால்டர் வைத்துச் செய்தேன். அதைத் தகர டப்பாவுக்குள்தான் வைக்க வேண்டும். அப்பா விடவில்லை. "ஆசாரி மகன் தகரத்தைத் தூக்கிட்டுப் போறதா? தேக்குல நான் செஞ்சு தாரேன்." மூலைக்கு மூலை பூ செதுக்கிக் கொடுத்தார். (எனக்கும் பெருமை தாங்கவில்லை. படித்த எலக்ட்ரானிக்ஸ் எங்கே போனதோ.)

கல்யாண வீடு அதுவரை மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்தது. மத்தியானப் பந்தி முடிந்ததும், சாயங்கால வரவேற்புக்கு ஒத்திகை பார்க்க உள்முற்றத்தில் நின்றேன். வெயில் முற்றத்தோடு நின்றுவிட்டது. தூண்களுக்குப் பின்னால் ஒரே இருட்டு, வௌவால் வாடை. பெடலை மிதித்தேன். கம்பியை இன்னும் தொடவில்லை.

ஸ்பீக்கரில் யாரோ செருமினார்கள்.

கல்யாணப் பெண்ணின் அம்மா வள்ளி ஆச்சியின் கையிலிருந்து பூத்தட்டு நழுவியது. மறுபடியும் செருமல். பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஓர் ஆண் குரல், நிதானமாக: "எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"எங்க மாமா" என்றார் ஆச்சி மெதுவாக. "செருமிட்டுத்தான் உள்ள வருவாக."

அவருடைய மாமனார் இறந்து ஒன்பது வருடம். இறந்தவர்களுக்குக் கல்யாணத்துக்கு முன்பே இலை போட்டுப் படைக்க வேண்டும். அவசரத்தில், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

நான் ஓடினேன். நாலாவது அடியில் பின்னாலிருந்து ஒரு பிடி. "அய்யா, விட்டுருங்க. நான் ரெண்டு பந்தி சாப்பிட்டேன்" என்று அலறினேன். (கிடார் வயர் தூணில் சிக்கியிருந்தது. ரெண்டு பந்தி விஷயம் அதுவரை யாருக்கும் தெரியாது.)

வரவேற்பில் கச்சேரி இல்லை. அந்த இடத்தில் இலை போட்டுப் படைத்தார்கள். வந்தவர்கள் என் பெட்டியைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பட்டறையில் பெடலை மிதித்தால், அதே குரல் ஒரு விவசாயியிடம் உரம் பற்றிப் பேசியது. ரேடியோ அலையைத் தடுக்கத் தகரம் இல்லாததால் பெட்டி ரேடியோவைப் பிடித்திருக்கிறது. அந்த ரேடியோ மனிதர் பேச்சை எடுத்தவுடன் சாப்பாட்டைத்தான் விசாரிப்பார் போலிருக்கிறது. ஓடிப்போய் ஆச்சியிடம் சொன்னேன்.

"சரிப்பா. எங்க வீட்டுப் பந்தி முடிஞ்ச நேரம் ரேடியோக்காரவுகளுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"கும்பிட்டாகதான். யாரும் கைதட்டலையேப்பா" என்று அப்பா உளியைக் கையில் கொடுத்தார். இப்போது நானும் கதவு செய்கிறேன்.

வருடா வருடம் படைப்புக்குப் பெட்டியோடு வரச் சொல்லி ஆச்சி போன் செய்வார். போன வருடம் யாரிடமும் சொல்லாமல் உள்ளே தகரம் அடித்துக் கொண்டுபோனேன். ஒரு சத்தமும் வரக்கூடாது. இலை போட்டதும் ஸ்பீக்கரில் செருமல் வந்தது.

நேற்றும் போன் வந்தது. "கிடாரையும் எடுத்தாரட்டுமா ஆச்சி?" என்று கேட்டேன்.

"அது எதுக்குப்பா? பொட்டி போதும். வந்தா ரெண்டு பந்தியும் இருந்து சாப்பிட்டுப் போ."