கொக்கர் தோணியும் இரண்டு பெட்டிகளும்

கொக்கரைப் போலக் கேள்வி கேட்ட மனிதன் மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் அதற்கு முன் பிறக்கவில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை. பொலிசுக்காரர் குற்றம் செய்தவனிடம் கேட்பார். வைத்தியர் வருத்தக்காரனிடம் கேட்பார். கொக்கர் எல்லாரிடமும் கேட்பார். பதில் வராவிட்டால் தோணி நகராது.

அவர் எங்கள் துறையின் தோணிக்காரர். எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, வயலும் காடுமாக இருக்கிற படுவான்கரையில். கடை, ஆசுபத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் அக்கரையில். புளியந்தீவு அரசாங்கக் கச்சேரிக்குப் போகிற பெரிய மனிதரும் முதலில் கொக்கரின் தோணியில்தான் காலை வைக்கவேண்டும். ஆள் நெடுவல், ஒல்லி. நடு வாவி வந்ததும் கம்பைச் சேற்றில் இறுக்கி ஊன்றுவார். ஒரு காலை மடித்து மற்றக் கால் முழங்காலில் பதித்துக்கொள்வார். அந்த நிலையில் பொழுதுபடும் வரைக்கும் நிற்பார். அதனால் கொக்கர். பெற்றவர் வைத்த பேர் ஒருவருக்கும் தெரியாது. ஊரில் எல்லாருடைய பேரையும், அவர்களுடைய மாட்டுக்குச் சுட்ட குறியையும்கூடக் கேட்டு வைத்திருந்த மனிதரிடம், உங்கட பேர் என்ன என்று திருப்பிக் கேட்க யாருக்கும் இடைவெளி கிடைக்கவில்லை.

"எங்க போறாய்? என்னத்துக்குப் போறாய்? போகாட்டி என்ன நடக்கும்?"

இப்படித் தொடங்கும். கோபித்துக்கொண்டு இறங்கி நடக்கவும் முடியாது. அந்தக் காலத்தில் வாவியில் முதலைக்குக் குறைவில்லை.

காத்தான்குடியிலிருந்து பிடவை மூட்டையோடு துணி விற்க வருகிற முஸ்லிம் காக்கா ஒருவர், மூட்டையில் ஒரு கூறைச்சேலை இருப்பதை வாய் தவறிச் சொல்லிவிட்டார். யாருக்கு என்ற கேள்வி நடு வாவியில் நின்றது. காக்கா கரையேறுவதற்குள் பெண் யாரென்று தெரிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கே அந்தச் செய்தி பின்னேரந்தான் கிடைத்ததாம். இன்னொரு முறை குளம் பார்க்க ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். துரைக்குத் தமிழ் தெரியாது, கொக்கருக்கு இங்கிலீசு தெரியாது. ஆனாலும் கரை சேர்ந்தபோது துரைக்கு இரண்டு பெண்பிள்ளைகள் என்பதும், இரண்டு நாளாக வயிறு சரியில்லை என்பதும் கொக்கருக்குத் தெரிந்திருந்தது. துரைக்கு ஓமத்தண்ணீரும் கிடைத்தது.

எனக்கு அப்போது கலியாணமாகி ஒரு வருசமும் ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், அதனால் நான் பிறந்த வளவிலேயே இருந்தேன். எனக்கு ஆட்களைக் கண்டால் வாய் திறக்காது. கேட்டாலும் பதில் வராதென்று ஊரில் யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை. கொக்கர் மட்டும் கேட்பார். "இண்டைக்கு என்ன கறி தங்கச்சி?" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். கொஞ்சம் பார்த்திருந்துவிட்டு, "சரி, மறுகா சொல்லு" என்று பதிலைப் பிறகுக்கு விட்டுக் கம்பைப் பிடுங்குவார். அந்தச் சலுகை வேறு யாருக்கும் கிடையாது.

அப்படியிருக்கும்போதுதான் சட்டசபை எலக்சன் வந்தது. பெண்களுக்கும் வோட்டு. எழுத்துத் தெரியாதவர்களும் போடவேண்டுமே என்று ஆளுக்கொரு நிறப் பெட்டி வைத்திருந்தார்கள். கையில் தருகிற துண்டை மறைப்புக்குள் கொண்டுபோய், பிடித்தவரின் நிறப் பெட்டிக்குள் போடவேண்டும். எங்கள் பகுதியில் போட்டியிட்டவர்கள் இரண்டு பேர். ஒருவருக்குப் பச்சை, மற்றவருக்கு மஞ்சள். மஞ்சள்காரர் வயலுக்கு வாய்க்கால் வெட்டித் தருவதாகச் சொன்னார். பச்சைக்காரர் சொன்னதுதான் பெரிய சொல். எங்கள் துறையில் வாவிக்குக் குறுக்கே பாலம் கட்டித் தருவேன் என்றார்.

பாலம் வந்தால் தோணி எதற்கு? ஊர் முழுக்க இந்தக் கதைதான். பிள்ளைப்பேற்று நோவோடு காற்றுக்குள் தோணியில் கிடந்த பெண்கள் பாலம் வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் பிழையில்லை.

பச்சைக்காரர் கூட்டம் வைக்க வந்ததும் கொக்கரின் தோணியில்தான். வேறு தோணி ஏது? நடு வாவியில் கம்பு ஊன்றப்பட்டது, கால் மடிந்தது.

"பாலம் வந்தா என்ட தோணி என்னாகும் ஐயா?"

அதற்கென்ன, பாலத்தில் காவல் வேலை வாங்கித் தரலாம் என்றார் அவர். காக்கிச் சட்டையும் கிடைக்கும் என்றார்.

கொக்கர் கால் மாற்றி நின்றார். "சட்டை கிடக்கட்டும் ஐயா. பாலத்தில போறவன் நிண்டு பதில் சொல்லுவானா?"

பச்சைக்காரர் வெயிலில் சால்வை வியர்வையில் நனைய நனைய இருந்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று கெஞ்சித்தான் கரையேறினார்.

வோட்டு நாள் நெருங்கியபோது இன்னொரு தொல்லை வந்தது. அக்கரைப் பள்ளிக்கூடத்தில் பெண்களிடம் புருசன் பேரைக் கேட்பார்களாம், சொன்னால்தான் துண்டு தருவார்களாம். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் புருசன் பேரை வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்பது எங்கள் எண்ணம். வோட்டும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம் என்று எல்லாரும் ஒரே பேச்சாக நின்றார்கள்.

கொக்கருக்கு இது நல்ல காலமாகப் போயிருக்கவேண்டும். பாலம் கேட்கிற பெண்கள் வராவிட்டால் பச்சைக்காரர் எப்படி வெல்வார்? ஆனால் கொக்கர் வீடு வீடாகப் போய் வாசலில் நின்றார்.

"நீங்க வராட்டி அந்த மறைப்புக்குள்ள என்ன நடக்குதெண்டு எனக்கு ஆர்கா சொல்றது? வாங்க. புருசன்மாரிட பேரெல்லாம் நான் சொல்றன்."

அப்படித்தான் நாங்கள் போனோம். தன் தோணியை வாவிக்குள் தாட்டிவிடக்கூடிய வோட்டுகளைத் தானே ஏற்றி, தானே கம்பு ஊன்றி, பாட்டும் படித்துக்கொண்டு கொண்டுபோனார்.

பள்ளிக்கூடத்தில் கண்ணாடி போட்ட உத்தியோகத்தர் ஒருவர் மேசையில் இருந்தார். பக்கத்தில் கிடந்த நீள வாங்கில் பச்சைக்காரரின் ஆளும் மஞ்சள்காரரின் ஆளும். முதலாவது பெண் புருசன் பேரைக் கேட்டதும் முக்காட்டுக்குள் போய்விட்டாள். இரண்டாவது பெண் அழத் தொடங்கினாள். உத்தியோகத்தர் களைத்துப்போய், வாசலில் நின்ற கொக்கரை உள்ளே கூப்பிட்டார். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை.

"இவ கந்தப்பன்ட பொஞ்சாதி ஐயா. கந்தப்பன் போன போகம் மாட்டைத் தொலைச்சவன். தேடிப் போய்த் தானும் தொலைஞ்சி..."

"பேர் மட்டும் போதும்."

"பேர் மட்டும் சொன்னா ஆளை எப்பிடி ஐயா விளங்கும்?"

என் முறை வந்தது. என்னுடையவரின் பேரைச் சொன்னார். அவருடைய காலில் ஆணி இருப்பதையும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வாய் பேசாது ஐயா. ஆனா எல்லாம் விளங்கும்" என்றார். நான் துண்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போய்ப் போட்டுவிட்டு வந்து சுவரோரம் நின்றேன்.

கடைசியாக வந்தது தெய்வானையக்கா, கொக்கரின் மனைவி. கொக்கர் வாயைத் திறக்கப் போனார். பச்சைக்காரரின் ஆள் எழும்பினார். தோணிக்காரன் வீட்டு வோட்டு எந்தப் பெட்டிக்குப் போகும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கவேண்டும். தன் பேரைத் தானே சொல்லித் தன் பெண்சாதிக்கு ஒருவர் சாட்சி சொல்லலாமா, வேறு யாராவது சொல்லட்டும் என்றார். உத்தியோகத்தரும் அது சரிதான் என்று எங்களைப் பார்த்தார்.

"இவருடைய பேர் என்ன?"

"கொக்கர்" என்றோம். நானும் சொன்னேனோ தெரியாது. வாய் அசைந்தது.

அப்படி ஒரு பேர் பட்டியலில் இல்லை என்றார் உத்தியோகத்தர். பச்சைக்காரரின் ஆள் சிரித்தார். இனித் தெய்வானையக்காவே சொன்னால்தான் உண்டு, இல்லாவிட்டால் திரும்பிப் போகவேண்டும்.

"போகட்டும் விடுகா" என்றார் கொக்கர். அவர் முகத்தில் முதல் தடவையாகக் கேள்வி இல்லை.

தெய்வானையக்கா அசையவில்லை. "நான் வந்தது வோட்டுப் போட. நீங்க வெளியில போங்க. போய்க் காதைப் பொத்துங்க."

கொக்கர் வெளியே போனார். மாமரத்தடியில் ஒற்றைக் காலில் நின்று இரண்டு காதையும் பொத்தினார். கேட்பதற்கென்றே பிறந்த மனிதர், கண்ணையும் மூடிக்கொண்டார். அதைப் பார்த்து உறுதி செய்த பிறகு தெய்வானையக்கா உத்தியோகத்தரிடம் திரும்பி அந்தப் பேரைச் சொன்னா. அழகான பேர். அதை நான் இங்கே எழுதமாட்டேன். அவ ஒரே ஒரு தடவை சொன்ன பேர் அது.

சொல்லிவிட்டுத் துண்டை வாங்கி மறைப்புக்குள் போனா. வெளியே வந்தபோது முகத்தில் பச்சையும் தெரியவில்லை, மஞ்சளும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது எதிர்பார்த்தது நடந்தது. நடு வாவி. கம்பு இறங்கியது.

"இப்ப சொல்லுங்க. ஆர் ஆர் எந்தப் பெட்டி?"

ஒருவரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாதென்று உத்தியோகத்தர் சொன்னாராம், சொன்னால் மறியல் வீட்டில் அடைப்பார்களாம். காலம் முழுக்க அவருக்குப் பதில் சொல்லிக் களைத்த பெண்களுக்கு அன்றைக்குத்தான் ஒரு சட்டம் துணைக்கு வந்தது. சீலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தார்கள். கொக்கர் ஒவ்வொருவராகக் கேட்டார், கெஞ்சினார். தெய்வானையக்கா முன்பக்கம் திரும்பி இருந்தா. அவவிடம் மட்டும் கேட்கவில்லை. வெயில் சாய்ந்தது. வீட்டில் பிள்ளைகள் பசியோடு இருக்கும். தோணி நின்றது நின்றதுதான்.

கடைசியாக என்னிடம் வந்தார். பெட்டியைத்தான் கேட்கப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவர் பக்கத்தில் குந்தினார். கொக்கர் குந்தி அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

"தங்கச்சி, நீ கிட்ட நிண்டாய்தானே. அவ என்ட பேர எப்பிடிச் சொன்னா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். என் வாயிலிருந்து சத்தம் வந்தது எனக்கே புதுமையாக இருந்தது.

"ஆறுதலா, மெல்லமாச் சொன்னா கொக்கண்ணன். மனசுக்குள்ள நிறையத் தரம் சொல்லிப் பழகின மாதிரி."

முன்பக்கத்தில் தெய்வானையக்காவின் முதுகு கொஞ்சம் அசைந்தது. கொக்கர் எழும்பிக் கம்பைப் பிடுங்கினார். கரை சேரும் வரை அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அப்படி ஒரு பயணம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

பச்சைப் பெட்டி வென்றது. பாலம் வரவில்லை. வென்றவரும் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர்தானே, வந்தால் கேட்கலாம் என்று கொக்கர் துறையில் காத்திருந்தார். தெய்வானையக்கா எந்தப் பெட்டியில் போட்டா என்பதைக் கடைசி வரைக்கும் அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அவ பயற்றங்காய் ஆக்கினால் பச்சையோ என்று கறியைப் பார்ப்பாராம். பூசணிக்காய் ஆக்கினால் மஞ்சளோ என்று பார்ப்பாராம். பார்த்தபடியே சோறு ஆறிப்போகும் என்று தெய்வானையக்கா சொல்லிச் சிரிப்பா. எதில் போட்டா என்று எனக்கும் சொல்லவில்லை.

என்னிடம் கேட்பதை மட்டும் அவர் விடவில்லை. தலை நரைத்து, ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் இரண்டு காலிலும் நின்று தோணி விட்ட காலத்திலும், "இப்பயாவது சொல்லு, எந்தப் பெட்டி?" என்பார். நான் குனிவேன். "சரி, மறுகா சொல்லு."

பாலம் வந்தபோது கொக்கர் இல்லை. இப்போது ஆட்களை ஏற்றிய வான் வண்டி ஒரு நிமிசத்தில் அக்கரை போய்விடுகிறது. பக்கத்தில் இருப்பவர் யார், எங்கே போகிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை. என்னிடம் இன்றைக்கு என்ன கறி என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

மஞ்சள், கொக்கண்ணன். நான் போட்டது மஞ்சள்.