அவசரம் லேது

எங்கள் ஆபத்து சார் பயப்படாத பொருள் இந்தப் பூமியில் ஒன்றுகூடக் கிடையாது. சித்தூரில் ஒரு பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கிளை ஆபீஸில் ஹெட் கிளார்க். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இருபது வருஷமாகச் செத்தவர்கள் ஃபைலையே படித்தவர். மாங்காய் பறிக்க ஏறி விழுந்தவர், கிணற்றடியில் வழுக்கியவர், விக்கலில் போனவர் என்று ஆளுக்கொரு கட்டு. அதனால் மாமரத்தடியில் நிற்கமாட்டார். ஃபேனுக்கு நேர்கீழே உட்காரமாட்டார். விக்கல் வந்தால், டிராயரைத் திறந்து தன் பாலிசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்.

நான் நகரி ஊர்க்காரன், அதே ஆபீஸில் கிளார்க். கல்யாணமாகி மூன்று மாதம், வேலை நிரந்தரமாகவில்லை. ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லைக் கோடு எந்த வழியாகப் போகும் என்று பேசிக்கொண்டிருந்த காலம். தெலுங்கு தெரியாதவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று டீக்கடையில் தினம் ஒரு வதந்தி. எனக்கோ தெலுங்கு அரைகுறையாகக் காதில் நுழையும், வாயில் வராது. சோறு இறங்கவில்லை.

ஆபத்து சார் சமாதானம் சொல்லும் அழகே தனி.

"ஏம்பா, கோடு நம்ம ஆபீஸ் நடுவுல போச்சுன்னா இன்னா பண்ணுவே? உன் நாற்காலி மெட்ராஸ்ல கீது, மேஜை ஆந்திராவுல கீது. கையெழுத்து எந்த ஊர்ல போட்டதா ஆவும்?"

அன்று மத்தியானமும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தெலுங்கு தேசத்துப் பெஜவாடா பக்கத்திலிருந்து புது மேனேஜர் வந்தார். கார்வேட்டிநகரத்துப் பக்கம் புருஷனைப் பறிகொடுத்த ஒரு அம்மாளின் ஃபைலை என்னிடம் நீட்டி, "வயசு சர்டிபிகேட் அவசரம் லேது" என்றார். ஆகா, எனக்கும் தெலுங்கு புரிகிறதே என்று ஒரே சந்தோஷம். 'வயதுச் சான்று அனுப்பவும், அவசரமில்லை' என்று அந்த அம்மாளுக்கு எழுதிப் போட்டேன். ஃபைலை அடிக்கட்டில் செருகினேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாளே வந்து நின்றார்.

"அண்ணா, அவரு பள்ளிக்கூடமே போவல. வயசு காயிதத்துக்கு நானும் ஊரூரா அலஞ்சிக்கினு கீறேன். யாரும் தரமாட்றாங்க. அது இல்லன்னா ஒண்ணும் கிடையாதா?"

மேனேஜர் எழுந்து வந்தார். ஃபைலைப் பிடுங்கி, அதிலிருந்த என் கடித நகலைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"அவசரம் லேதண்டே அக்கரலேதனி அர்த்தமய்யா! எவரு ராசாரு இதி?"

அப்போதுதான் உறைத்தது. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. வேண்டவே வேண்டாம் என்று அவர் சொன்னதை, மெதுவாக வரட்டும் என்று நான் எடுத்துக்கொண்டு, பாவம் அந்த அம்மாளை அலைய விட்டிருக்கிறேன். ஃபைலை என்னிடம்தான் கொடுத்தோம் என்பதை மறந்துவிட்டு, எழுதியவன் யார் என்று கேட்கிறார். சொன்னால் வேலை போச்சு. என் பெண்டாட்டி முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

ஃபேனுக்கு நேர்கீழே வந்து ஒருவர் நின்றார். ஆபத்து சார்!

"நேனே செப்பானு சார். இந்தப் பையன் என்னைத்தான் அர்த்தம் கேட்டான். நான்தான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்."

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மீக்கு தெலுகு ராதா?"

ஆபத்து சார் கைகட்டிக்கொண்டு, இலக்கணம் பிசகாத தெலுங்கில், தமக்குத் தெலுங்கு சுத்தமாக வராது என்றும், சித்தூரிலேயே பிறந்தும் இதுநாள்வரை கற்றுக்கொள்ளாதது தம் தவறுதான் என்றும் நீளமாகச் சொன்னார். ஆபீஸே சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது. மேனேஜருக்கும் எல்லாம் புரிந்துதான் இருக்கும். ஆனால் ஒப்புக்கொண்ட ஆள் இருக்கும்போது வேறு யாருக்கு மெமோ கொடுப்பார்? அந்த அம்மாளின் ஃபைலில் அப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆபத்து சாருக்கு மெமோ அடிக்கச் சொன்னார்.

மெமோவை வாங்கியதும் ஆபத்து சார் டிராயரைத் திறந்து, தன் பாலிசி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். சர்வீஸில் அவர் வாங்கிய ஒரே மெமோ.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்தேன்.

"எதுக்கு சார் இப்படிப் பண்ணீங்க?"

"எனக்குப் போனா ஒரு இன்கிரிமெண்ட் போவும். உனக்குப் போனா வேலையே போவும். சும்மா வா நைனா, எனக்கே பயமா கீது."

அந்த நடுரோட்டிலேயே அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பயந்துவிடுவாரே என்று விட்டுவிட்டேன்.